ஆடப்பெறாத ஓர் ஆட்டம்
(1958ஆம் ஆண்டின் முதல் ஐரோப்பியக் கூடைப்பந்துக் கிண்ணம்)

கோல சிலாங்கூரிலிருந்து கடலோரச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், தஞ்சோங் காராங்கைக் கடந்ததும் செகிஞ்சானை அடைவர். ஒருபுறம் கண்ணுக்கெட்டிய வரை நெல்வயல். மறுபுறம் மீன்பிடி படகுகள் கட்டிய துறை. இவ்வட்டாரத்துச் சீனப் பள்ளிகளின் வளாகங்களில் சிமெண்டுத் தளமும், அதன் இரு கோடிகளிலும் இரும்பு வளையம் பொருத்திய பலகைகளும் தவறாமல் காணப்படும். மாலைப் பொழுதில் அங்கே பந்து தட்டும் ஓசை கேட்கும். சாலையை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினாலோ தோட்டங்கள் தொடங்கிவிடும். அங்கே திடல் என்றால் புல் திடல்தான், கம்பம் என்றால் காற்பந்துக் கம்பந்தான். ஒரே வட்டாரத்தில் வாழ்ந்த இரு மக்கள் இரு வேறு திடல்களில் வளர்ந்தனர். ஆகவே கூடைப்பந்து சீனருக்கே உரிய ஆட்டம் என்ற எண்ணம் தோட்டத்துத் தமிழரிடையே வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆயினும் அவ்வெண்ணம் வரலாற்றுக்கு ஒத்ததன்று. கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் அமைக்கப்பட்டது. பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களைக் கூரையின்கீழ் ஆட வைப்பதற்கு ஒரு வழி காண வேண்டியிருந்தது. பழம் வைக்கும் கூடைகள் இரண்டைத் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் மாட்டினார். ஆட்டத்தின் பெயரும் அக்கூடையிலிருந்தே வந்தது. வளையத்தின் உயரம் இன்றளவும் அந்தப் பத்தடியே. அச்சங்கத்தின் தொண்டர்கள் சென்ற நாடெல்லாம் இவ்வாட்டமும் உடன் சென்றது. 1890களிலேயே அது சீனத்தின் தியான்சின் நகரை எட்டிவிட்டது.

தமிழகத்திற்கும் அது அவ்வழியே வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920ஆம் ஆண்டில் சென்னையில் உடற்பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பின்னர் சென்னை உடற்பயிற்சிக் கல்லூரியாகப் புகழ்பெற்றது அதுவே. அங்குப் பயின்ற ஆசிரியர்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கூடைப்பந்து பரவியது. பால்டிக் கடற்கரையிலும் அவ்விளைஞர் சங்கமே இவ்வாட்டத்தைப் பரப்பியது. அங்கு அஃது ஒரு சிறிய இனத்தின் பெருமைக்கு உரிய ஆட்டமாகவே வளர்ந்துவிட்டது. அவ்வினத்தாரின் கழகம் ஒன்று, 1958ஆம் ஆண்டில் நடந்த முதல் ஐரோப்பியக் கழகக் கிண்ணத்தை வென்றது. அவ்வாண்டின் வரலாற்றில் ஆடிய ஆட்டங்களைவிட ஆடப்பெறாத ஆட்டம் ஒன்றே ஆராய்வதற்கு உரியதாய் நிற்கிறது.

கிண்ணம் பிறந்த வகை

நாடுகள் தம்முள் மோதும் போட்டிகள் ஐரோப்பாவில் முன்னரே இருந்தன. கழகங்கள் எல்லை கடந்து மோதும் முறைமையோ புதிது. பாரிஸ் நகரிலிருந்து வெளிவரும் விளையாட்டு நாளேடான ‘லெக்கிப்’ இதற்கு வித்திட்டது. காற்பந்தில் அந்த ஏட்டின் முயற்சியால் 1955ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கிண்ணம் தொடங்கியது. ஸ்பெயின் நாட்டு ரியால் மாட்ரிட் கழகம் தொடர்ந்து வெற்றி பெற்றுப் பெரும்புகழ் எய்தியது. காற்பந்தில் கண்ட பயனைக் கூடைப்பந்திலும் காணலாம் என அந்த ஏட்டினர் கருதினர். 1932ஆம் ஆண்டு ஜெனீவாவில் நிறுவப்பெற்ற அனைத்துலகக் கூடைப்பந்துச் சங்கம் அதனை ஏற்றது. ஒவ்வொரு நாட்டிலும் முதலிடம் பெற்ற கழகம் போட்டிக்கு அழைக்கப்பட்டது.

1958ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் முதல் ஆட்டம் நடந்தது. பெல்ஜிய நாட்டுக் கழகம் லக்சம்பர்க் நாட்டின் எட்செல்லாக் கழகத்தை 82–43 என்ற கணக்கில் வென்றது. ஏறத்தாழ இருமடங்குப் புள்ளிகள்! இத்தகைய ஏற்றத்தாழ்வு தொடக்க காலத்தில் இயல்பே. லக்சம்பர்க் போன்ற சின்னஞ்சிறு நாடும் இதில் இடம்பெற்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

போட்டியின் முறையைச் சற்று விளக்குதல் வேண்டும். பின்னர் வருவனவற்றை அறிய அது துணைபுரியும். இரு கழகங்கள் மோதும்போது, ஓர் ஆட்டம் ஒருவர் ஊரிலும் மற்றோர் ஆட்டம் மற்றவர் ஊரிலும் நடைபெறும். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, மிகுதியாகப் பெற்றவரே வென்றவர். முதல் ஆட்டத்தில் தோற்றவர் எத்தனை புள்ளிகளில் தோற்றார் என்பது இதனால் முதன்மை பெறுகிறது. தோல்வி உறுதியான பின்னரும் கடைசி நொடியில் போடும் ஒரு பந்து, அடுத்த கிழமை வேறு நாட்டில் நடக்கும் ஆட்டத்தைத் திருப்பக் கூடும். மற்றொன்றையும் நோக்குக. எதிரியின் ஊருக்குச் செல்லாமல் இப்போட்டியில் எவரும் வெல்ல முடியாது. மண்ணின் எல்லை, நுழைவு அனுமதி, இரு அரசுகளின் உறவு ஆகியவை எல்லாம் ஆட்ட விதிகளுக்குள்ளேயே புகுந்துவிட்டன. விதி வகுத்தோர் இதனை உணர்ந்திருந்தனரோ இல்லையோ, முதல் ஆண்டிலேயே அதன் விளைவு தெரிந்தது.

லாத்வியரும் கூடைப்பந்தும்

ரீகா என்பது பால்டிக் கடலோரத்து லாத்வியா நாட்டின் தலைநகர். 1930களில் அந்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ இருபது லட்சம். அவர்தம் மொழி ஜெர்மானியமும் அன்று, ருசியமும் அன்று. தனக்கெனத் தொன்மையும் இலக்கணமும் உடைய தனிமொழி. பல நூற்றாண்டுகள் பிறர் ஆட்சியில் இருந்த அம்மக்கள் 1918ஆம் ஆண்டில் விடுதலை பெற்றனர். 1932இல் அனைத்துலகக் கூடைப்பந்துச் சங்கத்தை நிறுவிய எட்டு நாடுகளுள் லாத்வியாவும் ஒன்று.

1935ஆம் ஆண்டு ஜெனீவாவில் முதலாவது ஐரோப்பிய நாடுகள் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. அதில் வென்ற நாடு லாத்வியா. இறுதியாட்டத்தில் அது வீழ்த்திய நாடு ஸ்பெயின், கணக்கு 24–18. இக்காலத்து ஆட்டங்களில் கால்மணி நேரத்திலேயே இத்தனை புள்ளிகள் வந்துவிடும். அக்காலத்து ஆட்டம் மெல்ல நடந்தது. ஒவ்வொரு கூடைக்குப் பின்னும் பந்தை நடுவிடத்துக்குக் கொண்டுவந்து மேலே வீசித் தொடங்கினர். எவ்வாறாயினும் 18 என்ற அந்த எண்ணையும், ஸ்பெயின் என்ற பெயரையும் வாசகர் நினைவில் இருத்துக.

ஐந்தே ஆண்டுகள். 1940ஆம் ஆண்டில் சோவியத் படை லாத்வியாவுள் நுழைந்தது. நாடு சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. 1941இல் ஜெர்மானியர் வந்தனர். 1944இல் சோவியத் படை மீண்டது. 1949ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட லாத்வியர் சைபீரியா முதலிய இடங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1935இல் வென்ற அணியின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவரான ரூடோல்ஃப்ஸ் யுர்சின்ஸ் 1948ஆம் ஆண்டில் சோவியத் சிறைமுகாமில் மடிந்தார். ஐரோப்பாவையே வென்று பரிசு பெற்ற கைகள் அவை.

நாடு போயிற்று, கொடியும் போயிற்று. ஆட்டம் மட்டும் போகவில்லை. பள்ளிகளிலும் கழகங்களிலும் அது தொடர்ந்து வாழ்ந்தது. சோவியத் ஆட்சி விளையாட்டைப் பெரிதும் ஊக்கியதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைத்தல் கூடாது. ரீகாவில் இராணுவத்தின் சார்பில் நடந்த கழகத்திற்கு ‘இராணுவ விளையாட்டுக் கழகம்’ என்பதே பெயர். லாத்விய மொழியில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரீகா ஆஸ்க்’ என்பர். பெயரோ படையினுடையது, ஆடியவர்களுள் பெரும்பாலோர் லாத்வியர். தோட்டத்து அணியின் சட்டையில் கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும். ஆடுவோரோ லயத்துப் பிள்ளைகளாக இருப்பர். பார்ப்பவர் எதைக் கண்டு கைதட்டினர் என்பதை வடசிலாங்கூர் மக்களுக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. 1955, 1957, 1958 ஆகிய மூன்றாண்டுகளில் இக்கழகம் சோவியத் ஒன்றியம் முழுவதற்கும் முதலிடம் பெற்றது. மாஸ்கோவின் பெருங்கழகங்களைச் சின்னஞ்சிறு லாத்வியாவின் நகரம் வென்றது என்றால், ரீகா மக்கள் அதனை எவ்வாறு எடுத்துக்கொண்டிருப்பர் என்று கூறவும் வேண்டுமோ?

காட்டுத் தொழிலாளியும் பயிற்றுநரும்

இவ்வணியின் பயிற்றுநர் லாத்வியர் அல்லர். அலெக்சாந்தர் கோமெல்ஸ்கி 1928ஆம் ஆண்டில், லெனின்கிராடுக்கு அருகிலுள்ள குரோன்ஷ்தாத் என்னும் கடற்படை நகரில் பிறந்தவர், உயரம் குறைந்தவர். 1953ஆம் ஆண்டில் ரீகாவுக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. உயரம் குறைந்த அப்பயிற்றுநர் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை உருவாக்கினார்.

யானிஸ் குரூமின்ஷ் என்பவர் 1930ஆம் ஆண்டில் லாத்வியாவின் நாட்டுப்புறத்தில் பிறந்தவர். உயரம் 218 சென்டிமீட்டர்; ஏழடிக்கு மேல் இரண்டங்குலம். காட்டில் மரத்தோடு உழைத்துக்கொண்டிருந்த தொழிலாளி அவர். இருபது வயதைக் கடந்த பின்னரே கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். இளமையிலேயே பழகாதவருக்கு ஓட்டமும் திருப்பமும் எளிதில் கைவரா. அவ்வுயரமும் எடையும் உடையவருக்கு அவை இன்னும் கடினம். கோமெல்ஸ்கி அவரைப் பொறுமையோடு பழக்கினார். வளையத்தின் உயரம் 305 சென்டிமீட்டர் எனக் கண்டோம். குரூமின்ஷின் தலைக்கும் வளையத்துக்கும் இடைவெளி ஒரு கெஜத்தைவிடச் சிறிதே குறைவு. கையை நீட்டினால் அவ்விடைவெளியும் மிகக் குறைந்துவிடும்.

உயரமே போதும் என்று எண்ணிவிடலாகாது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் குரூமின்ஷ் சோவியத் அணியில் ஆடினார். அவருடன் ரீகாவின் மாய்கோனிஸ் வால்ட்மானிஸ், வால்டிஸ் முய்ஷ்னியெக்ஸ் ஆகியோரும் ஆடினர். (மலாயாவின் அண்டை நாடான சிங்கப்பூர் அணியும் அங்குச் சென்றிருந்தது, சோவியத் அணி இருந்த பிரிவிலேயே அது ஆடியது.) இறுதியாட்டத்தில் அமெரிக்கா சோவியத் அணியை 89–55 என்று முறியடித்தது. அமெரிக்க அணியில் பில் ரஸ்ஸல் இருந்தார். குரூமின்ஷைவிட உயரம் குறைந்த அவர் தாவலாலும் விரைவாலும் உயரத்தை வென்றார். சோவியத் அணிக்கு வெள்ளிப் பதக்கம். வால்ட்மானிஸுக்கு அஃது இரண்டாவது வெள்ளி. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலேயே ஒன்று பெற்றிருந்தார்.

ரீகா அணி ஒருவரை மட்டும் நம்பியதன்று. முய்ஷ்னியெக்ஸ் தாவி எறிவதில் வல்லவர். குரூமின்ஷைத் தடுக்க எதிரிகள் இருவர் மூவராக வளையத்தின்கீழ்த் திரண்டால், வெளியே நிற்கும் முய்ஷ்னியெக்ஸுக்கும் வால்ட்மானிஸுக்கும் வழி திறந்துவிடும். அவர்களை நோக்கி எதிரிகள் வெளியே வந்தாலோ குரூமின்ஷ் தனித்து நிற்பார். எறியும் தொலைவுக்கேற்ப மூன்று புள்ளி வழங்கும் விதி அனைத்துலக ஆட்டத்தில் 1984இல்தான் வந்தது. 1958இல் எங்கிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளி. ஆகவே வளையத்துக்கு அண்மையில் நிற்பவரின் மதிப்பு இன்றைவிட அன்று பன்மடங்கு மிகுதி.

வாராத எதிரி

அரையிறுதிக்கு நான்கு கழகங்கள் வந்தன. ரீகா ஆஸ்க், பல்கேரியாவின் சோபியா நகரத்து அகடெமிக், ஹங்கேரியின் ஹோன்வேட், ஸ்பெயினின் ரியால் மாட்ரிட். முதல் மூன்றும் பொதுவுடைமை ஆட்சியின் கீழிருந்த நாடுகள். நான்காவது, பிராங்கோவின் ஆட்சியில் இருந்த நாடு. குலுக்கலில் ரீகாவும் ரியால் மாட்ரிடும் எதிரெதிரே அமைந்தன.

1935இன் இறுதியாட்டத்தில் நின்ற அதே இரு நாட்டினர். அன்று லாத்வியாவுக்குத் தன் கொடி இருந்தது. ஸ்பெயினில் குடியரசு இருந்தது. இருபத்துமூன்று ஆண்டுகளில் இரண்டும் இல்லாமற் போயின. 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது சோவியத் அரசு குடியரசுக்குப் படைக்கலம் அனுப்பியது. வென்றவரோ பிராங்கோ. 1941இல் அவர் ‘நீலப்படை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஸ்பானியரைச் சோவியத் நாட்டின்மேல் போரிட ஜெர்மானியருடன் அனுப்பினார். ஹங்கேரியில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கையும் ஸ்பெயின் புறக்கணித்தது. இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவே இல்லை; அவ்வுறவு 1977ஆம் ஆண்டில்தான் மீண்டது.

பிராங்கோவின் அரசு இசையவில்லை. ரியால் மாட்ரிட் கழகம் விலகியது. ரீகா ஆஸ்க் ஒரு பந்தும் எறியாமல் இறுதியாட்டத்துக்குச் சென்றது.

விளையாட்டு வரலாற்று நூல்களில் இச்செய்தி ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அவ்வரிக்குள் அடங்கிய இழப்பு ஒருதலையானதன்று. ரியால் மாட்ரிட் ஆட்டக்காரர்களுக்கு அது கதவு சாத்தப்பட்டதாகும். அவர்களை எவரும் கேட்கவில்லை. ரீகாவுக்கோ வேறு வகை இழப்பு. ஆடாமல் பெற்ற வெற்றி, பெற்றவனுக்கும் முழுமையாக உரியதாவதில்லை. வலிய எதிரி விலகியதாலேயே கிண்ணம் கிடைத்தது என்று பின்னாளில் எவரேனும் சொல்ல இடமாயிற்று. இக்குறையைத் தீர்க்க ரீகாவுக்கு இருந்த ஒரே வழி, இறுதியாட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றி வெல்வதே.

சோபியா அகடெமிக் எளிய எதிரியன்று. 1957ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் போட்டி சோபியாவிலேயே நடந்தபோது பல்கேரியா இரண்டாம் இடம் பெற்றிருந்தது. முதல் ஆட்டம் ரீகாவில் நடந்தது; ரீகா வென்றது, ஆனால் 86–81. தன் ஊரில் தன் மக்கள் முன் ஆடிய அணிக்கு ஐந்தே புள்ளி முன்னணி! மேலே விளக்கிய கணக்கை இங்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். சோபியாவில் அகடெமிக் ஆறு புள்ளிகளில் வென்றால் போதும், கிண்ணம் அவர்களுடையது. தங்கள் ஊரில் ஆறு புள்ளி என்பது அவர்களுக்கு மலையன்று.

இரண்டாம் ஆட்டத்தில் ரீகா 84–71 என்று வென்றது. எதிரியின் மண்ணில், எதிரியின் மக்கள் முழக்கத்துக்கிடையே, பதின்மூன்று புள்ளி வேறுபாடு. இரு ஆட்டங்களையும் கூட்டினால் 170–152. வேறுபாடு பதினெட்டு. 1935இல் ஸ்பெயின் இறுதியாட்டம் முழுவதிலும் பெற்ற புள்ளிகளின் தொகையும் அதுவே. தற்செயல்தான், ஆயினும் ரீகாவில் எண்களை நினைவில் வைத்திருந்த முதியவர் எவரேனும் இருந்தால் புன்னகை பூத்திருப்பார்.

ஐயம் தீர்ந்ததா? அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் ரீகா மீண்டும் அகடெமிக்கையே வென்றது. 1960ஆம் ஆண்டில் ஜார்ஜியாவின் டினாமோ திபிலிசியை வென்றது. மூன்றாண்டுகளில் மூன்று கிண்ணம். எதிரி வாராத குறையால் கிடைத்த வெற்றி என்று கூறுவோருக்கு இதுவே விடை. ஆயினும் 1958ஆம் ஆண்டு அரையிறுதியில் யார் வென்றிருப்பர் என்ற வினாவுக்கு இது விடையாகாது. அவ்வினாவுக்கு விடை கூறும் உரிமை திடலுக்கு மட்டுமே உண்டு. திடலை அரசு பூட்டிவிட்டது.

(ரீகாவின் மகளிரைப் பற்றி ஒரு சொல். அந்நகரின் டிராம், மின்பேருந்து நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ‘டி.டி.டி.’ மகளிர் அணி, 1960 முதல் 1982 வரை பதினெட்டு முறை ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. ஆடவரின் மூன்று வெற்றி அதன் முன் சிறிதே. அது தனியே எழுதத் தக்க வரலாறு.)

சிலாங்கூர் அறிந்த துயரம்

ஆடப்பெறாத ஆட்டத்தின் வேதனை மலேசிய மக்களுக்குப் புதியதன்று. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியக் காற்பந்து அணி தென்கொரியாவை 2–1 என்று வென்றது. ஜேம்ஸ் வோங் கடைசி வேளையில் அடித்த கோலால் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இடம் கிடைத்தது. அரங்கில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டோர் அதனை இன்றும் மறந்திலர். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசிய அரசு அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது.

அவ்வணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், சிலாங்கூர் மாநிலத்துக்கு ஆடிய தமிழர். நீண்ட கைகளால் பந்தைத் தாவிப் பிடிக்கும் அவரைச் ‘சிலந்தி மனிதர்’ என்றே மக்கள் அழைத்தனர். தோட்டத்துப் புல் திடல்களில் இரு செருப்புகளைக் கம்பமாக நட்டுக் கோல் காத்த சிறுவர்கள் பலருக்கு அவரே முன்மாதிரி. சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என மூவினத்தார் ஒரே அணியில் நின்ற காலம் அது. ஆறுமுகம் 1988ஆம் ஆண்டில் சாலை விபத்தில் உயிர் நீத்தார். ஒலிம்பிக் திடலில் அவர் கால் பதியவேயில்லை. அரசின் முடிவு சரியா, தவறா என்பது வேறு ஆராய்ச்சி. படையெடுப்பைக் கண்டிப்பது அறமே என்பார்க்கும் வலுவான வாதம் உண்டு. ஆனால் அக்கண்டனத்தின் விலையைக் கொடுத்தவர் அமைச்சர் அல்லர். பத்தாண்டு உழைத்த ஆட்டக்காரரே. 1958இல் மாட்ரிடிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பிராங்கோவின் அரசையும் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அரசையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. இழந்தவரின் இழப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றே.

மலேசியக் கூடைப்பந்துக்கும் பெருமைக்குரிய நாள் வந்தது. தென்கிழக்காசியாவில் பிலிப்பைன்ஸ் நாடே இவ்வாட்டத்தில் நெடுங்காலம் தலைமை தாங்கியது. அதனைத் தாண்டி மலேசிய ஆடவர் 1979ஆம் ஆண்டிலும், மீண்டும் 1989ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை வென்றனர். அவ்வெற்றிகளுக்குப் பின்னே நின்றவை செகிஞ்சானில் காணும் சிமெண்டுத் தளம் போன்ற நூற்றுக்கணக்கான பள்ளித் தளங்களே.

பூட்டு நெகிழ்ந்த விதம்

பிராங்கோவின் தடை கூடைப்பந்தோடு நிற்கவில்லை. 1960ஆம் ஆண்டில் முதல் ஐரோப்பிய நாடுகள் காற்பந்துப் போட்டியில் ஸ்பெயின் கால்இறுதியில் சோவியத் அணியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அப்போதும் மாஸ்கோவுக்குச் செல்ல அரசு இசையவில்லை. சோவியத் அணி ஆடாமலே முன்னேறி, முடிவில் கிண்ணத்தையும் வென்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டிலேயே இருந்துகொண்டு தோற்பதில் என்ன பெருமை? இவ்வினா மாட்ரிடிலும் எழுந்திருத்தல் வேண்டும்; தடை மெல்ல மெல்ல நெகிழத் தொடங்கியது.

1962ஆம் ஆண்டு கூடைப்பந்துக் கிண்ணத்தின் இறுதியில் ரியால் மாட்ரிடும் திபிலிசியும் சந்தித்தன. இருவர் ஊரிலும் ஆடும் வழக்கம் கைவிடப்பட்டது. 1935இல் லாத்வியரும் ஸ்பானியரும் மோதிய அதே ஜெனீவாவில், பொது மண்ணில், ஒரே ஆட்டம். திபிலிசி 90–83 என்று வென்றது. மறு ஆண்டு ரியால் மாட்ரிடுக்கு எதிரே மாஸ்கோவின் இராணுவக் கழகம். இம்முறை ஜெனீவா இல்லை. முதல் ஆட்டம் மாட்ரிடில் நடந்தது. மாட்ரிட் 86–69 என்று வென்றது. பிறகு ஸ்பானியர் மாஸ்கோவுக்குச் சென்றனர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் செல்லக் கூடாதென்ற நாட்டுக்கே சென்றனர். அங்கு மாஸ்கோ 91–74 என்று வென்றது. கூட்டிப் பார்த்தால் 160–160! மூன்றாம் ஆட்டத்தையும் மாஸ்கோவிலேயே வைத்தனர். மாஸ்கோ 99–80 என்று வென்று கிண்ணத்தைப் பெற்றது. ரியால் மாட்ரிட் தோற்றது, ஆடித் தோற்றது. 1964ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோக் கழகத்தை வென்று தன் முதல் கூடைப்பந்துக் கிண்ணத்தையும் பெற்றது. அதே 1964இல் சோவியத் காற்பந்து அணி மாட்ரிடுக்கே வந்து, ஐரோப்பிய நாடுகள் கிண்ணத்தின் இறுதியில் ஸ்பெயினிடம் 2–1 என்று தோற்றது.

ரீகா ஆஸ்கின் பொற்காலம் அதற்குள் முடிந்துவிட்டது. 1961ஆம் ஆண்டு இறுதியில் மாஸ்கோவின் இராணுவக் கழகம் அதனை வென்றது. கோமெல்ஸ்கி பின்னர் அந்த மாஸ்கோக் கழகத்துக்கே பயிற்றுநராகச் சென்றார். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். குரூமின்ஷும் முய்ஷ்னியெக்ஸும் 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக்குகளில் வெள்ளி பெற்றனர். அந்த மூன்று வெள்ளிகளும் பதிவேட்டில் சோவியத் ஒன்றியத்தின் பெயரிலேயே உள்ளன. 1958ஆம் ஆண்டுக் கிண்ணத்தின் எதிரிலும் அந்நாட்டின் பெயரே உள்ளது. லாத்வியா 1991ஆம் ஆண்டில் மீண்டும் விடுதலை பெற்றது. காட்டுத் தொழிலாளியாயிருந்த குரூமின்ஷ் அதனைக் காண இருந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1994இல், அவர் மறைந்தார்.